லாமர் அலெக்சாண்டரும் பேட்டி மர்ரியும்: பள்ளிக்கூடச் சட்டத்தில் முடிந்தது, காப்பீட்டில் ஏன் முடியவில்லை?

கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். டென்னசி மாநிலத்தின் செனட்டராக இருந்த லாமர் அலெக்சாண்டர், மருத்துவமானாலும் கல்வியானாலும் இரண்டு கட்சிகளும் சேர்ந்து உட்கார்ந்து சட்டம் எழுத வேண்டும் என்று பதவியில் இருந்தவரை சொல்லிக்கொண்டிருந்தார். அது மேடைப் பேச்சா, அதனால் சாதாரண ஜனங்களுக்கு ஏதாவது கிடைத்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் போகிற போக்கில், பள்ளிக்கூடச் சட்டத்தில் முடிந்தது காப்பீட்டில் ஏன் முடியவில்லை என்றும் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். எனக்கு அந்தக் கடைசி வரிதான் அசல் கேள்வியாகத் தெரிகிறது. அதே மனிதர், அதே குழு, எதிர்க்கட்சியிலும் அதே கூட்டாளி. ஓரிடத்தில் ஓடிய வண்டி இன்னோரிடத்தில் ஏன் நின்றது?

கிழக்கு டென்னசியில் ஓர் ஆஸ்பத்திரியில் பதினேழு வருடமாக வேலை பார்க்கிறேன். பில்லைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் வருகிறவர்களோடு உட்கார்ந்து, எது காப்பீட்டில் வரும், எது வராது, எதைத் தவணையில் கட்டலாம் என்று பார்த்துக் கொடுப்பது என் வேலை. கல்லூரிக்குப் போகிற பிள்ளைகளுக்கு உதவித்தொகை விண்ணப்பம் நிரப்பித் தரும் தன்னார்வலராகவும் சில வருடம் இருந்திருக்கிறேன். அரசியலைப் பாடமாகப் படித்தவள் இல்லை. செனட் குழு வேலை செய்த விதத்தை நேரலையிலும் பத்திரிகைகளிலும் பார்த்தவள், அவ்வளவுதான். ஆனால் அந்தக் குழு எழுதிய சட்டங்கள் வந்து இறங்கும் இடத்தில் என் மேசை இருக்கிறது. ஆகவே செனட்டைப் பற்றிச் சொல்வதை ஒரு பார்வையாளரின் கணிப்பாகவும், மேசையைப் பற்றிச் சொல்வதை அனுபவமாகவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பேச்சு மட்டும் இல்லை, வேலையும் நடந்தது. அது சந்தேகத்துக்கு இடமில்லாதது. ஆனால் நல்ல மனசு இருந்ததால் நடந்தது என்று யாராவது சொன்னால் அதில் பாதிதான் உண்மை. பழைய நிலைமை இரண்டு தரப்புக்கும் வலித்த இடங்களில் மட்டும்தான் அந்த நல்ல மனசு பலித்தது. என் பதிலின் சாரம் இதுதான். மீதியெல்லாம் அதற்கான காரணங்கள்.

அமெரிக்க செனட்டில் மருத்துவமும் கல்வியும் ஒரே குழுவின் கீழ் வருகின்றன. உடல்நலம், கல்வி, தொழிலாளர், ஓய்வூதியம் என்று நாலும் சேர்ந்த குழு. 2015 ஜனவரியிலிருந்து ஆறு வருடம் குடியரசுக் கட்சிக்காரரான அலெக்சாண்டர் அதன் தலைவர். அந்த ஆறு வருடமும் ஜனநாயகக் கட்சியின் தரப்பில் அவருக்கு எதிரே உட்கார்ந்தவர் வாஷிங்டன் மாநிலத்தின் பேட்டி மர்ரி. செனட்டில் 100 பேர். பெரும்பாலான மசோதாக்களுக்கு, விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குக் கொண்டுவரவே 60 பேர் சம்மதிக்க வேண்டும். 2015-ல் குடியரசுக் கட்சிக்கு இருந்தது 54. போதாததற்கு, கையெழுத்துப் போட வேண்டிய ஜனாதிபதி ஒபாமா. எதிர்க்கட்சியோடு பேசாமல் ஒரு சட்டமும் வராது என்பது அங்கே வெறும் கணக்கு.

கணக்கு எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதன்படி நடக்கிறவர்கள் குறைவு. அலெக்சாண்டர் மேரிவில் என்ற சின்ன ஊர்க்காரர். அப்பா பள்ளித் தலைமை ஆசிரியர். அம்மா வீட்டு கராஜில் பாலர் பள்ளி நடத்தியவர். எட்டு வருடம் டென்னசியின் ஆளுநர், பிறகு டென்னசி பல்கலைக்கழகத் தலைவர், 1991 முதல் 1993 வரை மூத்த புஷ்ஷின் கல்வி அமைச்சர். 2011-ல் செனட்டில் தன் கட்சியின் மூன்றாம் இடத்துத் தலைமைப் பதவியில் இருந்தவர், அதிலிருந்து விலகப்போவதாகத் தானே அறிவித்தார். கட்சிக் கொடி பிடிக்கிற வேலையைவிடச் சட்டம் எழுதுகிற வேலையைச் சுதந்திரமாகச் செய்ய வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். மர்ரியும் அரசியலுக்கு வருமுன் பாலர் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்தவர். 2013 டிசம்பரில் எதிர்க்கட்சியின் பால் ரயனோடு உட்கார்ந்து பட்ஜெட் ஒப்பந்தம் ஒன்றை முடித்த அனுபவம் அவருக்கு இருந்தது.

இனி பள்ளிக்கூடச் சட்டம். 2002 ஜனவரியில் இளைய புஷ் கையெழுத்திட்ட ‘எந்தக் குழந்தையும் பின்தங்கக் கூடாது’ சட்டமும் இரு கட்சிகள் சேர்ந்து எழுதியதுதான். மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை ஆண்டுதோறும் வாசிப்பிலும் கணக்கிலும் தேர்வு, உயர்நிலைப் பள்ளியில் ஒரு தடவை; 2014-க்குள் நாட்டின் அத்தனை பிள்ளைகளும் தேர்ச்சி நிலையைத் தொட்டுவிட வேண்டும். நூற்றுக்கு நூறு. எந்த ஊரிலும் நடக்காத காரியம். 2007-ல் காலாவதியான அந்தச் சட்டத்தைத் திருத்த ஆளில்லாமல் அப்படியே ஓட்டினார்கள். தேர்ச்சி இலக்கு நெருங்க நெருங்க, நன்றாக நடந்த பள்ளிகளும் ‘தோற்ற பள்ளி’ என்று முத்திரை வாங்கின. 2011-லிருந்து ஒபாமா அரசு மாநிலங்களுக்கு விலக்கு கொடுத்தது, ஆனால் நிபந்தனையோடு. பிள்ளைகளின் மதிப்பெண்ணை வைத்து ஆசிரியரை எடைபோட வேண்டும் என்பது அதில் ஒன்று. மர்ரியின் சொந்த மாநிலமான வாஷிங்டன் அதற்கு இணங்கவில்லை. 2014-ல் நாட்டிலேயே முதல் மாநிலமாக விலக்கை இழந்தது. அங்கே ஏறக்குறைய எல்லாப் பள்ளிகளும், ‘எங்கள் பள்ளி தேறவில்லை’ என்று பெற்றோருக்குக் கடிதம் அனுப்ப வேண்டி வந்தது.

இந்தக் கடிதத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஆசிரியர் சங்கத்துக்கு அந்தச் சட்டம் பிடிக்கவில்லை. எல்லாவற்றையும் வாஷிங்டன் நகரத்திலிருந்து ஆளக்கூடாது என்கிற குடியரசுக் கட்சிக்காரருக்கும் பிடிக்கவில்லை. பெற்றோருக்கு, தலைமை ஆசிரியருக்கு, ஆளுநருக்கு என்று ஒருவருக்கும் பிடிக்கவில்லை. நம் ஊரில் தேர் இழுக்க ஊர் கூட வேண்டும் என்பார்கள். இங்கே தேர் நடுத்தெருவில் நின்று எல்லார் வீட்டு வாசலையும் அடைத்துக்கொண்டிருந்தது. அதனால்தான் ஊர் கூடியது.

கூடிய பிறகு வடத்தை எப்படிப் பிடித்தார்கள் என்பதில்தான் அலெக்சாண்டரின் பங்கு இருக்கிறது. 2015 ஜனவரியில் அவர் தன் தரப்பில் ஒரு வரைவைத் தயாரித்து வெளியிட்டார். மர்ரி அவரிடம் போய், இதை வைத்துக்கொண்டு ஆரம்பித்தால் எங்கள் ஆட்கள் முதல் நாளே எதிரணியாகிவிடுவார்கள், இருவரும் சேர்ந்து புதிதாக ஒன்று எழுதலாம் என்று கேட்டார். அலெக்சாண்டர் தன் வரைவை ஓரமாக வைத்துவிட்டு ஒத்துக்கொண்டார். குழுத் தலைவர் என்ற முறையில் அவர் அதைச் செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. குழுவில் அவருக்குப் பெரும்பான்மை இருந்தது. தன் வரைவையே நிறைவேற்றி மேலே அனுப்பியிருக்கலாம். அது அவையில் 60 கிடைக்காமல் செத்திருக்கும். அவர் கட்சிக்குத் தேர்தலில் பேச ஒரு விஷயம் மிஞ்சியிருக்கும். நான் பார்த்தவரை, அவருடைய ஆறு வருடத்தில் மிகப் பெரிய முடிவு இதுதான்.

இன்னொரு ஏற்பாடும் செய்தார்கள். எந்தத் திருத்தம் குழுவையே உடைத்துவிடுமோ அதைக் குழுவில் வைக்காமல் முழு அவைக்கு எடுத்துப்போவது. அங்கே எல்லாருக்கும் வாக்கெடுப்பு உறுதி. பாலினச் சிறுபான்மை மாணவர்களைப் பள்ளியில் துன்புறுத்துவதைத் தடுக்க, ஜனநாயகக் கட்சியின் அல் ஃபிராங்கன் ஒரு திருத்தம் வைத்திருந்தார். அதைக் குழுவில் வற்புறுத்தாமல் நிறுத்திக்கொண்டார். அவைக்கு வந்தபோது 52 பேர் ஆதரித்தும் 60 தேவைப்பட்டதால் தோற்றது. அரசுப் பணத்தை எடுத்துக்கொண்டு பிள்ளை தனியார் பள்ளிக்கும் போகலாம் என்பது அலெக்சாண்டர் பல வருடமாகச் சுமந்துவந்த கனவு. அவரும் அதை அவையில்தான் வைத்தார், அவருடையதும் தோற்றது. தோற்ற பிறகும் இரண்டு பேரும் மசோதாவை விட்டு விலகவில்லை. ஃபிராங்கன் திருத்தம் தோற்றதில் எனக்கு இன்றும் வருத்தம்தான். அந்தத் தோல்வியின் விலையை வகுப்பறையில் இருந்த பிள்ளைகள் கொடுத்தார்கள். இரு கட்சி ஒத்துழைப்பு என்று புகழ்ந்து பேசும்போது இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

குழுவில் 22-க்கு 0. அந்த 22 பேரில் இடதுசாரிக் கோடியில் நிற்கும் பெர்னி சாண்டர்ஸும் இருந்தார், வலதுசாரிக் கோடியில் நிற்கும் ராண்ட் பாலும் இருந்தார். ஜூலையில் அவையில் 81-க்கு 17. பிரதிநிதிகள் சபை அதே மாதம் தன் தனி மசோதாவை 218-க்கு 213 என்று ஒரு ஜனநாயகக் கட்சி வாக்குகூட இல்லாமல் தட்டுத்தடுமாறி நிறைவேற்றியிருந்தது. இரண்டையும் இணைத்து வந்த இறுதி வடிவம் டிசம்பரில் அங்கே 359-க்கு 64, செனட்டில் 85-க்கு 12. எதிர்த்த அந்த 12 பேரும் அலெக்சாண்டரின் சொந்தக் கட்சிக்காரர்கள். 2015 டிசம்பர் 10-ல் ஒபாமா கையெழுத்திட்டார். கிறிஸ்துமஸ் அற்புதம் என்றார்.

அந்தச் சட்டம் தேர்வுகளை எடுக்கவில்லை. ஏழைப் பிள்ளைகள், கறுப்பினப் பிள்ளைகள், மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் என்று தனித்தனியாக மதிப்பெண் விவரத்தை வெளியிடும் கடமையையும் எடுக்கவில்லை. அதை வைத்து என்ன செய்வது என்ற அதிகாரத்தைத்தான் மாநிலங்களிடம் கொடுத்தது. அடிமட்டத்தில் இருக்கும் 5 சதவீதப் பள்ளிகளிலும், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பிள்ளைகள் பட்டம் முடிக்காமல் போகும் உயர்நிலைப் பள்ளிகளிலும் மாநிலம் தலையிட்டே ஆக வேண்டும். ஜனநாயகக் கட்சியின் எலிசபெத் வாரன், கோரி புக்கர், கிறிஸ் மர்ஃபி மூவரும் ஜூலையில் எதிர்த்து வாக்களித்தது, மாநிலங்களை இவ்வளவு நம்பலாமா என்ற கவலையால்தான். இறுதி வடிவத்தில் பிடி கொஞ்சம் இறுகிய பிறகு டிசம்பரில் ஆதரித்தார்கள். அந்தக் கவலை நியாயமானது. தென் மாநிலங்களின் பள்ளி வரலாறு தெரிந்த எவருக்கும் அது புரியும்.

இதனால் பிள்ளைகள் கூடுதலாகக் கற்றுக்கொண்டார்களா? இங்கே உறுதியான தரையிலிருந்து இறங்க வேண்டியிருக்கிறது. புதிய ஏற்பாடுகள் 2017–18 கல்வியாண்டில்தான் நடைமுறைக்கு வந்தன. 2020 மார்ச்சில் கொரோனா பள்ளிகளைப் பூட்டியது. நடுவில் இருந்த மூன்று வருடத்துக்குள் எந்தச் சட்டத்தின் பலனையும் பிரித்தெடுத்துக் காட்ட முடியாது. பழைய இலக்கின் பொய் ஒழிந்தது, பள்ளிகள் மேல் பொய் முத்திரை குத்துவது நின்றது. இதுவரை உறுதி. அதற்கு மேல் சொல்கிறவர்கள் தங்கள் கட்சிக்காகப் பேசுகிறார்கள் என்றே எடுத்துக்கொள்வேன்.

அடுத்த வருடம், 2016 டிசம்பரில், 21-ஆம் நூற்றாண்டு சிகிச்சைகள் சட்டம் 94-க்கு 5 என்று செனட்டில் நிறைவேறியது. தேசிய மருத்துவ ஆராய்ச்சி நிறுவனங்களுக்குப் பத்து வருடத்துக்கு 480 கோடி டாலர், ஓபியாய்டு எனும் வலிநிவாரணிப் போதை மாத்திரைப் பிரச்சினைக்கு இரண்டு வருடத்துக்கு 100 கோடி டாலர். மருந்துக் கம்பெனிகளுக்கு இதில் சலுகை அதிகம் என்று வாரனும் சாண்டர்ஸும் எதிர்த்தார்கள். 2018 அக்டோபரில் போதை மாத்திரைகளுக்கு எதிராகவே ஒரு பெரிய சட்டம், 98-க்கு 1. கிழக்கு டென்னசியில் இந்த மாத்திரைகள் என்ன செய்தன என்பதை ஆஸ்பத்திரியில் இருப்பவர்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பேரப்பிள்ளைகளை வளர்க்கிற பாட்டிகள்தான் என் மேசைக்கு எதிரே அதிகம் உட்கார்ந்தார்கள். அந்தச் சாவுக்குக் கட்சி கிடையாது. இரண்டு கட்சித் தொகுதிகளிலும் விழுந்தது. வாக்குக் கணக்கு அப்படி வந்ததற்குக் காரணம் அதுதான்.

இப்போது காப்பீடு. மானியம் கொடுத்து மருத்துவக் காப்பீட்டைப் பரவலாக்க வந்த, ஒபாமாகேர் என்று எல்லாரும் சொல்லும் 2010-ஆம் வருடச் சட்டத்துக்குக் குடியரசுக் கட்சியிலிருந்து ஒரு இறுதி வாக்குகூட விழவில்லை. பிறந்த நாளிலிருந்தே அது ஒரு கட்சிக்கு வெற்றிக்கொடி, இன்னொரு கட்சிக்கு இறக்கியே தீரவேண்டிய கொடி. இதை மறந்துவிட்டு 2017-ஐப் பார்த்தால் ஒன்றும் விளங்காது. அலெக்சாண்டரும் அதை ஒழிக்கத்தான் வாக்களித்துவந்தார். 2017 ஜூலை 28 விடியுமுன் குடியரசுக் கட்சியின் ஜான் மெக்கெய்ன் கட்டைவிரலைக் கீழே காட்டி 51-க்கு 49-ல் ஒழிப்பு முயற்சியைக் கவிழ்த்தாரே, அந்த 49-ல் அலெக்சாண்டரும் ஒருவர். அதே வருடத் தொடக்கத்தில் டிரம்ப் நியமித்த கல்வி அமைச்சர் பெட்ஸி டெவாஸை அலெக்சாண்டர் குழு வழியே கொண்டுபோன விதத்தில் மர்ரிக்குக் கடும் கோபம். உறுப்பினர்களுக்குத் தலா ஐந்து நிமிடம், ஒரே சுற்றுக் கேள்வி என்று தலைவர் கறாராக நின்றார். கடைசியில் 50-க்கு 50, துணை ஜனாதிபதியின் வாக்கில் டெவாஸ் தேறினார். ஆக, இந்த இருவரும் எப்போதும் கை கோத்து நடந்தவர்கள் என்று கற்பனை செய்ய வேண்டாம். சண்டை போட்டுவிட்டு அடுத்த வேலைக்கு மறுபடியும் உட்காரத் தெரிந்தவர்கள்.

எங்கள் பக்கத்து நிலைமையைச் சொன்னால்தான் அந்த வருடத்தின் அவசரம் புரியும். 2017 பிப்ரவரியில், நாக்ஸ்வில் வட்டாரத்தின் 16 கவுன்டிகளில் (நம் மாவட்டம் மாதிரி) மானியத்தோடு தனிநபர் காப்பீடு விற்றுக்கொண்டிருந்த ஒரே நிறுவனமும் அடுத்த வருடம் இருக்கமாட்டேன் என்று அறிவித்தது. ஏறக்குறைய 40,000 பேர். கையில் அரசு மானியம் இருக்கும். வாங்க ஒரு பாலிசிகூட இருக்காது. பேருந்தே ஓடாத ஊரில் பஸ் பாஸ் வைத்திருப்பதுபோல. மே மாதத்தில் வேறொரு நிறுவனம் திரும்பி வரச் சம்மதிக்கும்வரை, சிகிச்சையின் நடுவில் இருந்த ஒரு அம்மா வாராவாரம் போன் செய்து ஒரே கேள்வியைக் கேட்பார்: “ஜனவரியில் எனக்கு என்ன?” என்னிடம் பதில் இருக்காது.

ஒழிப்பு முயற்சி கவிழ்ந்த சில நாட்களில் அலெக்சாண்டர், காப்பீட்டுச் சந்தையை முதலில் நிலைநிறுத்துவோம், மீதிச் சண்டையைப் பிறகு வைத்துக்கொள்வோம் என்று விசாரணைகளை அறிவித்தார். செப்டம்பரில் மாநிலக் காப்பீட்டு ஆணையர்கள் வந்தார்கள். இரண்டு கட்சியிலிருந்தும் ஐந்து ஆளுநர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள், எங்கள் ஆளுநர் பில் ஹாஸ்லமும் அதில் ஒருவர். குழுவில் இல்லாத செனட்டர்களையும் கூப்பிட்டு, விசாரணைக்கு முன் சாட்சிகளோடு காபி குடித்துப் பேச இடம் கொடுத்தார் அலெக்சாண்டர். ஆளுக்கொரு கொடி பிடிக்காமல் நிபுணர்கள் பேசிய அந்த விசாரணைகளைப் பார்த்தபோது எனக்கு நிஜமாகவே நம்பிக்கை வந்தது.

பிரச்சினையின் மையம் செலவுப் பகிர்வு மானியம். வருமானம் குறைந்தவர்கள் சில்வர் பிளான் என்னும் நடுத்தரக் காப்பீட்டை எடுத்தால் அவர்களுடைய டிடக்டிபிளையும் (காப்பீடு பணம் தரத் தொடங்குமுன் நாம் கட்டும் தொகை) கோ-பேயையும் (ஒவ்வொரு முறையும் நாம் கட்டும் பங்கு) காப்பீட்டு நிறுவனம் குறைத்தே ஆக வேண்டும். அந்தத் தொகையை அரசு நிறுவனத்துக்குத் திருப்பித் தரும். வருடத்துக்குச் சுமார் 700 கோடி டாலர். இந்தப் பணத்துக்கு நாடாளுமன்றம் முறைப்படி ஒதுக்கீடு செய்யவில்லை என்று 2016-ல் ஒரு நீதிபதி சொல்லியிருந்தார். 2017 அக்டோபர் 12-ல் டிரம்ப் அரசு அதை நிறுத்தியது. ஐந்தே நாளில் அலெக்சாண்டரும் மர்ரியும் ஒப்பந்தத்தை வெளியிட்டார்கள்: இரண்டு வருடத்துக்கு அந்தப் பணம், பதிலுக்கு மாநிலங்கள் தங்களுக்கேற்ப மாற்றிக்கொள்ள விலக்கு பெறுவது எளிதாகும், 30 வயதுக்கு மேற்பட்டவர்களும் குறைந்த பிரீமியப் பிளான் வாங்கலாம். கட்சிக்குப் பன்னிரண்டு பேர் என்று 24 செனட்டர்கள் கையெழுத்துப் போட்டார்கள். பற்றாக்குறையைப் பத்து வருடத்தில் 380 கோடி டாலர் குறைக்கும் என்று நாடாளுமன்ற பட்ஜெட் அலுவலகமும் கணக்குச் சொன்னது. ஜனநாயகக் கட்சியின் 48 பேரோடு அந்தப் பன்னிரண்டு பேர் சேர்ந்தால் 60.

அவைக்கே வரவில்லை. ஜனாதிபதி முதலில் பாராட்டிவிட்டு அடுத்த நாள் பின்வாங்கினார். அவர் சரி என்று சொல்லாமல் அவைக்குக் கொண்டுவர மாட்டேன் என்றார் செனட்டின் பெரும்பான்மைக் கட்சித் தலைவர். இதுவரை செய்தித்தாளில் எல்லாரும் படித்தது. படிக்காதது ஒன்று நடந்தது, அதைத்தான் என் மேசையில் பார்த்தேன். மானியப் பணம் நின்றதும் நிறுவனங்கள் அந்த நஷ்டத்தை சில்வர் பிளானின் பிரீமியத்தில் ஏற்றிவிட்டன. ஆனால் பிரீமியம் கட்ட அரசு தரும் வரிச்சலுகை சில்வர் பிளானின் விலையை வைத்துத்தான் கணக்காகிறது. சில்வர் ஏறியதும் வரிச்சலுகையும் ஏறியது. அந்தக் கூடுதல் சலுகையை அதைவிட மலிவான வெண்கல (bronze) பிளானில் போட்டபோது பலருக்கு மாதப் பிரீமியம் ஏறக்குறைய சைபருக்கு வந்தது. சலுகையே கிடைக்காத நடுத்தர வருமானக்காரர்தான் அடிபட்டார். அதாவது, யாரும் திட்டமிடாமலேயே ஒரு ஒட்டுத்தையல் விழுந்து, ஏழைகளுக்கு முன்னைவிடச் சௌகரியமாகிவிட்டது. 2018 மார்ச்சில் அந்தப் பணத்தை மறுபடியும் கொடுப்பது பற்றிப் பேச்சு வந்தபோது, கொடுத்தால் பல ஏழைகளின் செலவு கூடும் என்ற விசித்திர நிலை. மர்ரியின் தரப்புக்கு ஆர்வம் போய்விட்டது. கருக்கலைப்புக்குப் பணம் தரக்கூடாது என்ற வாசகத்தையும் சேர்க்க வேண்டும் என்று குடியரசுக் கட்சி நின்றதும் கதை முடிந்தது.

ஆக, உங்கள் கேள்விக்கு என் கணிப்பு: காப்பீட்டில், நின்றுபோன தேர் எல்லாரையும் ஒரே நேரத்தில் வலிக்கச் செய்யவில்லை. 2017 வசந்தத்தில் ஒரு தரப்பு அது உடைந்தால் நல்லது என்று எண்ணியது. 2018 வசந்தத்தில் மறுதரப்பு இப்படியே இருந்தால் நல்லது என்று எண்ணியது. இரண்டு பேருக்கும் சேர்ந்து வலித்தது நடுவில் சில வாரங்கள்தான். யார் மேல் அதிகத் தவறு என்று கேட்டால், ஜனாதிபதியின் பல்டிதான் தீர்மானித்தது என்று நினைக்கிறேன். அன்று வாக்கெடுப்புக்கு வந்திருந்தால் தேறியிருக்கும் என்பது என் ஊகம், நிரூபிக்க வழியில்லை. ஒன்றை மட்டும் கூடுதலாகச் சொல்ல வேண்டும். அந்த ஒப்பந்தம் தேறியிருந்தாலும், டென்னசியில் ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிக்கெய்டுக்கும் தகுதியில்லாமல், வரிச்சலுகைக்கும் வருமானம் போதாமல் நடுவில் விழுந்துகிடக்கிறவர்களுக்கு ஒரு டாலரும் வந்திருக்காது. மெடிக்கெய்டை விரிவாக்கும் அதிகாரம் மாநிலத்திடம் இருக்கிறது, மாநிலம் செய்யவில்லை. ஹாஸ்லம் கொண்டுவந்த திட்டத்தை 2015 பிப்ரவரியில் அவர் கட்சியே மாநில செனட் குழுவில் தோற்கடித்தது. என் மேசைக்கு வருகிறவர்களில் மிகவும் பாவப்பட்டவர்கள் அவர்கள்தான்.

இதே குழு காப்பீட்டின் பெரிய சண்டையை விட்டுவிட்டு ஒரு சின்ன மூலையை எடுத்தபோது முடிந்தது. அவசர சிகிச்சைக்கு ஒருவர் வருகிறார். ஆஸ்பத்திரி அவருடைய காப்பீட்டு வலைக்குள், அதாவது நிறுவனத்தோடு விலை ஒப்பந்தம் போட்டவர்களின் பட்டியலில், இருக்கிறது. மயக்க மருந்து கொடுத்த டாக்டர் வலைக்கு வெளியே. மயக்கத்தில் கிடப்பவர், “நீங்கள் என் காப்பீட்டில் இருக்கிறீர்களா?” என்று எழுந்து கேட்க முடியுமா? ஆறு வாரம் கழித்துத் தனியாக ஒரு உறை வரும். லாரி ஓட்டும் ஒருவர் இரண்டு பில்லையும் என் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். ஆஸ்பத்திரிக்கு அவர் கட்ட வேண்டியதைப்போல் ஏழெட்டு மடங்கு அந்த டாக்டருக்கு. “இவரை நான் பார்த்ததே இல்லையே” என்றார். எல்லாருக்கும் வருகிற பில் இது. கட்சி பார்த்து வருவதில்லை. 2019 ஜூனில் குழு இதற்கான மசோதாவை 20-க்கு 3 என்று நிறைவேற்றியது. டாக்டர்களை வேலைக்கு அமர்த்தும் பெரிய நிறுவனங்களின் பணத்தில் டிவியில் எதிர்ப்பு விளம்பரங்கள் ஓடின. விலையை யார் முடிவுசெய்வது, நிர்ணயித்த அளவுகோலா நடுவரா என்ற இழுபறியில் ஒன்றரை வருடம் போனது. கடைசியில் நடுவர் முறை வென்றது. அலெக்சாண்டர் முதலில் விரும்பியது அதுவல்ல.

அந்தச் சட்டம் 2020 டிசம்பர் 27-ல் கையெழுத்தான பெரிய செலவுச் சட்டத்துக்குள் இருந்தது. அதே கட்டுக்குள் கல்வியிலும் ஒன்று: கல்லூரி உதவித்தொகை விண்ணப்பத்தைச் சுருக்கும் சட்டம். 108 கேள்விகள் கொண்ட அந்தப் படிவத்தை ஒட்டி நீட்டி, செனட்டில் கையைத் தூக்கி விரித்துத் தரைவரை தொங்கவிட்டுக் காட்டுவார் அலெக்சாண்டர். பல வருடம் காட்டினார். கொலராடோவின் மைக்கேல் பென்னெட் என்ற ஜனநாயகக் கட்சிக்காரரோடு 2014-லேயே இதற்கு மசோதா கொண்டுவந்தவர். டென்னசியில் சமுதாயக் கல்லூரிக்கு இலவசமாகப் போகவும் அந்தப் படிவத்தை நிரப்பியே தீர வேண்டும். அப்பா எங்கே இருக்கிறார் என்றே தெரியாத ஒரு பெண், அப்பாவின் வருமானம் கேட்ட வரியில் பேனாவை வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. புதிய சட்டம் கேள்விகளை அதிகபட்சம் 36 ஆக்கியது; வருமான விவரம் வரித்துறையிலிருந்து நேராக வரும். எழுதியவர்கள் நன்றாக எழுதினார்கள். செயல்படுத்தியதில் கோளாறு. 2023 அக்டோபரில் வரவேண்டிய படிவம் டிசம்பர் 30-ல்தான் திறந்தது. பெற்றோருக்குச் சமூகப் பாதுகாப்பு எண் இல்லாத பிள்ளைகள் பல வாரம் அதை முடிக்கவே முடியவில்லை. அடுத்த வருடம் சீரானது. அந்த ஒரு வருடத்துப் பிள்ளைகளில் சிலர் கல்லூரியையே விட்டார்கள் என்பதை நான் பழகியவர்களிடம் பார்த்தேன்.

கையெழுத்தான ஒரு வாரத்தில் அலெக்சாண்டர் ஓய்வு பெற்றார். அவரும் மர்ரியும் இல்லாவிட்டாலும் இந்தச் சட்டங்கள் வந்திருக்குமா என்பதற்கு என்னிடம் உறுதியான பதில் கிடையாது. பள்ளிச் சட்டம் எப்படியும் ஒருநாள் மாறியிருக்கும் என்றும், விண்ணப்பப் படிவம் அவருடைய பிடிவாதம் இல்லாமல் மாறியிருக்காது என்றும் எனக்குத் தோன்றுகிறது. 2022 ஜனவரி 1-லிருந்து, மயக்க மருந்து டாக்டரின் அந்தத் தனி உறைகள் என் மேசைக்கு வருவது அநேகமாக நின்றுவிட்டது. எப்போதாவது தவறி வந்தால், சட்டத்தைக் காட்டி ஒரு போனில் தீர்த்துவிட முடிகிறது. ஹெலிகாப்டரில் கொண்டுவந்தாலும் சட்டம் காப்பாற்றும். தரையில் ஓடும் ஆம்புலன்ஸை மட்டும் சட்டத்தில் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். அதனால் மலைப்பக்கத்து கவுன்டிகளிலிருந்து வருகிறவர்கள் இன்றும் அந்த ஒரு பில்லோடு வருகிறார்கள். நான் தவணை போட்டுக் கொடுக்கிறேன்.